வலி: இல்லை

ஜூன் 12, திங்கள்

இன்று ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சி முடிந்ததும் கோச் ஜெஸிந்தா மிஸ் பெற்றோர் எல்லோரையும் கொஞ்சம் நிற்கச் சொன்னார். இனி ஞாயிறுதோறும் மாலை ஏழு மணிக்குள் பிள்ளையைப் பற்றி மூன்று விஷயங்களை வாட்ஸ்அப்பில் அவருக்குத் தெரிவிக்க வேண்டுமாம். எவ்வளவு நேரம் தூங்குகிறாள், ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா, எங்காவது வலி இருக்கிறதா. "பிள்ளைங்க எங்கிட்ட சொல்ல மாட்டாங்க. உங்ககிட்டதான் சொல்லும். நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும்" என்றார். தூத்துக்குடிப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. இங்கே சேர்ந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது.

கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, என் மகள் சம்யுக்தா இப்படியே போனால் ஆகஸ்டில் நடக்கும் மாநிலப் போட்டிக்கான தேர்வில் அவளை நிறுத்தலாம் என்றார். பதினோரு வயதில். வீடு வரும்வரை ஸ்கூட்டர் ஓட்டிய நினைவே எனக்கு இல்லை.

மாவு புளித்துவிட்டது. நாளைக்கு ஊத்தப்பம்தான்.

ஜூன் 18, ஞாயிறு

முதல் பதில் அனுப்பினேன். தூக்கம்: ஒன்பது மணி நேரம். சாப்பாடு: நன்று. வலி: இல்லை. மிஸ் கட்டைவிரலை உயர்த்தி ஒரு படம் அனுப்பினார்.

ஜூன் 27, செவ்வாய்

ஆஸ்பத்திரி மருந்தகத்தில் என்னோடு வேலை பார்ப்பவர்களுக்கு சம்யு பீம் கட்டையின் மேல் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடிக்கும் வீடியோவைக் காட்டினேன். எலும்பு டாக்டர்கூட நின்று பார்த்துவிட்டுப் போனார். பதினான்கு வருடங்களாக அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன். இன்றுதான் அவர் என் பெயரைக் கேட்டார்.

ஜூலை 2, ஞாயிறு

எண்ணெய் தேய்த்துவிடும்போது சம்யு, இடுப்புக்குச் சற்று மேலே, பின்னால் வளையும்போது வலிக்கிறது என்றாள். தொட்டுக் காட்டச் சொன்னேன். ஒரு விரலால் காட்டினாள். தைலம் தடவிவிட்டேன். நேற்று மூன்று மணி நேரப் பயிற்சி. வலிக்காமல் என்ன செய்யும்?

மிஸ்ஸுக்கு 'இல்லை' என்றுதான் அனுப்பினேன். ஒரு நாள் வலியை வலி என்று எழுதினால் தினமும் எழுத வேண்டியிருக்கும்.

ஜூலை 9, ஞாயிறு

மறுபடி வலி என்றாள். பயிற்சிக்குப் போகும்முன் வலி மாத்திரை பாதி கொடுத்தேன். சாப்பிட்ட பிறகுதான். அவள் எடைக்கேற்ற அளவுதான். எனக்குத் தெரியாததா.

அக்‌ஷராவின் அம்மா போன வாரம் மகளுக்குக் குதிகால் வலி என்று எழுதியிருக்கிறார். மிஸ் உடனே மூன்று வாரம் ஓய்வு சொல்லிவிட்டார். தேர்வில் அக்‌ஷரா இல்லை. அந்தக் குழந்தை ஓரமாக உட்கார்ந்து மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாவுக்கு விவரம் போதாது என்று நினைத்தேன்.

எழுதியதை அடிக்கலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.

ஜூலை 14, வெள்ளி

மருந்தகத்தில் கூட்டமாக இருந்த நேரத்தில் மிஸ் போன் செய்தார். சம்யு குதித்து இறங்கும்போது ஒரு பக்கமாகச் சாய்கிறாளாம். இரண்டு நாளாகக் கவனிக்கிறாராம். அவளிடம் கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாளாம்.

"வீட்டுல ஏதாச்சும் சொன்னாளா, சம்யு அம்மா?"

"ஒன்னும் சொல்லலைங்க மிஸ். நல்லா ஓடியாடீட்டுத்தான் இருக்கறா."

"நீங்க சொல்லுதீங்கன்னா சரி" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சம்யுவிடம், மிஸ் கேட்டதற்கு என்ன சொன்னாய் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று சொன்னதாகச் சொன்னாள். நான் எதுவும் சொல்லிக்கொடுக்காமலே அப்படிச் சொல்லியிருக்கிறாள். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. "செலெக்ஷன் முடியற வரைக்கும்தான் சாமி. முடிஞ்சதும் அம்மா டாக்டர்கிட்ட கூட்டீட்டுப் போறேன்" என்றேன். தலையாட்டினாள்.

சம்யு அப்பாவிடம் சொல்லவில்லை. இவருக்கு இரும்பு வார்ப்பட ஆலையில் இந்த மாதம் முழுக்க இரண்டு ஷிப்ட்.

ஜூலை 23, ஞாயிறு

தூக்கம்: ஒன்பது மணி நேரம். சாப்பாடு: நன்று. வலி: இல்லை.

ஜூலை 30, ஞாயிறு

மேலே உள்ளபடி. மாத்திரை இப்போது முழுதாக.

ஆகஸ்ட் 5, சனி

தேர்வு ஆகிவிட்டாள். மூன்றாம் இடம். மாநிலப் போட்டிக்கு நான்கு பேர் போகிறார்கள், அதில் ஒருத்தி என் மகள்.

காலையில் ஒரு மாத்திரை, அவள் முறை வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இன்னொன்று. தரைப் பயிற்சியில் கடைசியாகத் தாவி இறங்கியபோது அவள் முகம் ஒரு கணம் வெளுத்துப்போனது. உடனே இரண்டு கைகளையும் உயர்த்திச் சிரித்தாள். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஜெஸிந்தா மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் பயிற்சி கொடுத்து மாநிலம் வரை போகும் முதல் பிள்ளை இவள்தான் என்றார். அவர் கண்கள் நிறைந்திருந்தன. வருகிற வழியில் கார் பின்சீட்டில் சம்யு என் மடியில் குப்புறப் படுத்துக்கொண்டே வந்தாள். மல்லாந்து படு என்றேன். வேண்டாம் என்றாள்.

ஆகஸ்ட் 9, புதன்

காலையில் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று நான் அடுப்படியிலிருந்து இரண்டு தடவை சத்தம் போட்டேன். இவர் போய்ப் பார்த்துவிட்டு, "கோகிலா, இங்க வா" என்றார். அந்தக் குரலை நான் இதுவரை கேட்டதில்லை. கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தாள். அழவில்லை. இவர் தூக்கிக்கொண்டு போய்க் காரில் கிடத்தினார்.

என் ஆஸ்பத்திரிக்கே போனோம். வீடியோ பார்த்த அதே எலும்பு டாக்டர். கீழ் முதுகெலும்பில் இரண்டு பக்கமும் விரிசல். ஒரே நாளில் விழுந்து வந்தது இல்லையாம், திரும்பத் திரும்ப வளைந்து வளைந்து வருவதாம். முன்பே ஓய்வு கொடுத்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்றார். மூன்று மாதம் இடுப்புப் பட்டை. குனியக் கூடாது, வளையக் கூடாது. மாநிலப் போட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை.

எத்தனை நாளாக வலி என்று அவர் சம்யுவைப் பார்த்துத்தான் கேட்டார். அவள் வாய் திறப்பதற்குள் நான், "நாலஞ்சு நாளா இருக்குங்க டாக்டர்" என்றேன்.

சம்யு என்னைப் பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 12, சனி

இவர் பயிற்சிக் கூடத்துக்குப் போனார். நானும் போனேன். உள்ளே வரவேண்டாம் என்று சொல்லவில்லை. நானாகத்தான் கார் அருகிலேயே நின்றுகொண்டேன்.

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். இவர் கை நீட்டிப் பேசுகிறார். கூடத்தின் உரிமையாளர் தேவராஜ் சார் இரண்டு கைகளையும் கூப்பியபடி நிற்கிறார். பக்கத்தில் ஜெஸிந்தா மிஸ். பிள்ளைகள் எல்லாம் பயிற்சியை நிறுத்திவிட்டுப் பார்க்கின்றன. மிஸ் ஒரே ஒரு தடவை வெளியே திரும்பி, நான் நிற்கும் பக்கம் பார்த்தார். வாய் திறந்து எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பதில்கள் எல்லாம் அவர் போனில் இருக்கின்றன. எடுத்துக் காட்டியிருக்கலாம்.

இவர் வெளியே வந்து காரில் ஏறினார். விசாரணை முடியும்வரை அந்த மிஸ் வர மாட்டார் என்று தேவராஜ் சார் சொல்லிவிட்டாராம். "சின்னப் புள்ளைன்னு கூட பாக்காம முறிச்சு வெச்சுருக்குது அந்தப் பொண்ணு" என்றார். நான் சீட் பெல்ட் போட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

விடுமுறை. சம்யுவைக் குளிப்பாட்டிவிட்டேன். பட்டை பட்ட இடமெல்லாம் வேர்க்குரு. பவுடர் போடும்போது அசையாமல் நின்றாள்.

பெற்றோர் குழுவில் காலையிலிருந்து செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. அந்த மிஸ்ஸுக்கு அனுபவம் பற்றாது என்கிறார் ஒருவர். மெடலுக்காகப் பிள்ளைகளைப் பிழிகிறார் என்கிறார் இன்னொருவர். வாரா வாரம் வலி இருக்கா என்று கேட்டதெல்லாம் சும்மா கண்துடைப்பு என்று அக்‌ஷராவின் அப்பா எழுதினார். எல்லோரும் என் பெயரைப் போட்டு, தைரியமாக இருங்கள், நாங்கள் இருக்கிறோம் என்றார்கள்.

நான் கைகூப்பும் படம் ஒன்றை மட்டும் போட்டேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

ஏழு மணி ஆயிற்று. யாருக்கும் எதுவும் அனுப்ப வேண்டியதில்லை. துணி மடித்தேன்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

ஜெஸிந்தா மிஸ்ஸிடமிருந்து செய்தி. 'சம்யு எப்படி இருக்கா? உட்கார முடியுதா?' அவ்வளவுதான். பார்த்துவிட்டேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும், நீலக் கோடு விழுந்துவிட்டது. பதில் போடவில்லை. மூன்று தடவை எழுதி அழித்தேன் என்பதை இங்கே எழுதுவதால் என்ன ஆகப்போகிறது.

மருந்தகத்தில் இன்று ஒரு பெரியவருக்கு மருந்து மாற்றிக் கொடுத்துவிட்டேன். அவரே பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். பதினான்கு வருடத்தில் இது முதல் தடவை.

செப்டம்பர் 3, ஞாயிறு

மத்தியானம் சம்யுவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அவள் எனக்கு முதுகு காட்டி உட்காருவதுதான் இப்போது எனக்கு வசதி. என் முகம் அவளுக்குத் தெரியாது.

"அம்மா, மிஸ்ஸுக்கு வேலை போயிருச்சா?"

தெரியவில்லை, கொஞ்ச நாள் வர மாட்டார் என்றேன்.

"நான்தானேம்மா மாட்டிவிட்டேன்?"

எதற்கு இப்படிக் கேட்கிறாள் என்று கேட்டேன்.

"மிஸ் எங்கிட்ட நாலு தடவ கேட்டாங்க. தனியாக் கூட்டீட்டுப் போயிக் கேட்டாங்க. நான் வலிக்கலைன்னு பொய் சொன்னேன். நான் சொல்லியிருந்தா அவுங்க விட்டிருப்பாங்க. அப்பாவும் அவுங்கள திட்டியிருக்க மாட்டாரு."

ஒரு மாதமாக இதை அவள் தன் மேல் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். நான் அவளுக்கு வேளாவேளைக்குப் பால் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

நீ இல்லை சாமி, அம்மாதான் என்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "நீ என்னோட நல்லதுக்குத்தான சொன்ன?" என்றாள். அது கேள்வியா, எனக்குத் தரும் சமாதானமா என்று தெரியவில்லை. ஆமாம் என்ற சொல் வாய் வரை வந்தது. யாருடைய நல்லதுக்கு என்பதை அந்த நேரத்தில் நானே யோசித்தேன். பின்னி முடித்தேன்.

செப்டம்பர் 4, திங்கள்

இவரிடம் சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம், ஒரு மாதத்துக்கும் மேலாக வலி இருந்தது, எனக்குத் தெரியும், மாத்திரை கொடுத்தேன், மிஸ் கேட்டபோது இல்லை என்றேன் என்று வரிசையாகச் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். கழுவிய தட்டையே மறுபடி கழுவினார்.

"அத்தன பேரு முன்னாடி அந்தப் புள்ளைய நான் என்னென்னமோ பேசினேன். நீ கார்கிட்ட நின்னு பாத்துட்டு இருந்த."

சம்யு அறைக்குப் போய் அவள் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டார்.

செப்டம்பர் 6, புதன்

அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தேவராஜ் சாரைப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தில் கோபத்தைவிடச் சலிப்புதான் அதிகம் தெரிந்தது. வேறு கோச் ஒருவரைப் பேசி வைத்துவிட்டாராம். பெற்றோர் எல்லாம் இப்போதுதான் அடங்கியிருக்கிறார்களாம்.

"இதோட விட்டுருங்க மேடம். உங்க குடும்பத்துக்கும் அது நல்லதில்ல. அந்தப் பொண்ணு வேற எடத்துல சேந்துக்கும்."

ஒரு நிமிடம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைக்காமல் எழுதி வைக்கிறேன். வேண்டியதைச் சொல்லியாயிற்று, அவர்தான் வேண்டாம் என்றார் என்று வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம். படி இறங்கி ஸ்கூட்டர் வரைக்கும் வந்தேன். அங்கேயே நின்றபடி பெற்றோர் குழுவில் எழுதினேன்:

'நான் சம்யுக்தாவின் அம்மா. அவளுக்கு ஜூலை முதல் வாரத்திலிருந்தே முதுகு வலி. ஜெஸிந்தா மிஸ் வாரா வாரம் கேட்டார், போன் செய்தும் கேட்டார். நான் இல்லை என்று பொய் சொன்னேன். அவருக்குத் தெரியாமல் வலி மாத்திரை கொடுத்துப் பயிற்சிக்கு அனுப்பினேன். தவறு என்னுடையது.'

அனுப்பிவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன். பத்து நிமிடம் யாரும் எதுவும் எழுதவில்லை. பிறகு அக்‌ஷராவின் அம்மா மட்டும், 'குழந்தை எப்படி இருக்கிறாள்?' என்று கேட்டார்.

செப்டம்பர் 7, வியாழன்

எலும்பு டாக்டர் மருந்தகப் பக்கம் வந்தார். அவரிடமும் சொன்னேன். நாலைந்து நாள் இல்லை, ஐந்து வாரம் என்று. என்னென்ன மாத்திரை, எவ்வளவு என்று கேட்டுச் சீட்டில் குறித்துக்கொண்டார். "நீங்க பார்மசிஸ்ட்" என்றார்.

செப்டம்பர் 10, ஞாயிறு

சிங்காநல்லூரில் ஜெஸிந்தா மிஸ் தங்கியிருக்கும் பெண்கள் விடுதிக்குப் போனேன். வரவேற்பறையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். பாதி கட்டிய பெட்டியை விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். ஊருக்குக் கிளம்ப இருந்தாராம். குழுவில் நான் எழுதியதைப் பார்த்தபின் தேவராஜ் சார் கூப்பிட்டுப் பேசினாராம். இன்னும் முடிவு செய்யவில்லையாம்.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியம் பாதியிலேயே நின்றுவிட்டது. அன்றைக்கு ஏன் போனை எடுத்துக் காட்டவில்லை என்று கேட்டேன்.

நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எனக்குத் தெரியும், சம்யு அம்மா. அவ சாஞ்சு எறங்குததப் பாத்த அன்னைக்கே தெரியும். எனக்கும் முதுகுல இதே எடத்துலதான் போச்சு, பதினாலு வயசுல. நீங்க வலிக்குன்னு சொல்லியிருந்தா நான் அவள நிறுத்தியாகணும். அதான் உங்கள கேட்டேன். நீங்க இல்லைன்னு சொல்லணும்னு நெனச்சுக்கிட்டேதான் கேட்டேன்."

வெளியே யாரோ வண்டியை ஸ்டார்ட் செய்ய முடியாமல் உதைத்துக்கொண்டே இருந்தார்கள்.

"நீங்க சொன்ன பொய்ய வாங்கி வச்சுக்கிட்டேன். அப்புறம் அத எந்த மொகத்தோட எடுத்துக் காட்ட?"

பாரம் பாதியாகக் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. இரண்டு பெரியவர்கள், இருவருக்கும் தெரியும். நடுவில் அந்தக் குழந்தை இரண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு தாவியிருக்கிறது.

கிளம்பும்போது அவர், சம்யுவிடம் தான் வந்து பேச வேண்டும் என்றார். "நீங்க பக்கத்துல இருக்க வேண்டாம்" என்றும் சொன்னார்.

செப்டம்பர் 17, ஞாயிறு

மிஸ் வந்தார். இவர் வாசலிலேயே எழுந்து நின்று, தப்பாகப் பேசிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொன்னார். மிஸ் தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே போனார். கதவு சாத்தியிருந்தது. நான் அடுப்படியில் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம். ஒரு தடவை சம்யு அழும் சத்தம் கேட்டது. ஆகஸ்டுக்குப் பிறகு அவள் அழுது நான் கேட்பது இதுதான் முதல் முறை. கை மாவோடு கதவு வரை போய்த் திரும்பி வந்தேன். பிறகு சிரிக்கிற சத்தமும் கேட்டது.

என்ன பேசினார்கள் என்று இருவரும் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. மிஸ் முறுக்கு சாப்பிடவில்லை, தண்ணீர் மட்டும் குடித்தார்.

அக்டோபர் 5, வியாழன்

ஜெஸிந்தா மிஸ் மறுபடி கூடத்தில் சேர்ந்துவிட்டாராம். போட்டிக்குப் போகும் பிள்ளைகள் வேண்டாம், ஆறேழு வயதுக் குழந்தைகளுக்கு மட்டும் சொல்லிக் கொடுக்கிறேன் என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டதாக அக்‌ஷராவின் அம்மா சொன்னார்.

நவம்பர் 14, செவ்வாய்

பட்டையைக் கழற்றிவிட்டார்கள். விரிசல் சேர்ந்துவருகிறது. நீச்சல் போகலாம், நடக்கலாம், ஜனவரியிலிருந்து மெதுவாக மற்றவை. ஜிம்னாஸ்டிக்ஸ் வேண்டுமா என்பதை அவளே சொல்லட்டும் என்றார் டாக்டர். என்னைப் பார்க்காமல் இவரைப் பார்த்துச் சொன்னார்.

சம்யு, தெரியவில்லை என்றாள். வீட்டில் யாரும் அதற்கு மேல் அவளிடம் கேட்கவில்லை.

டிசம்பர் 10, ஞாயிறு

ஜெஸிந்தா மிஸ் போன் செய்தார். முன்பெல்லாம் அவர் கேட்பார், நான் சொல்வேன். இன்று என் மகள் என்ன நினைக்கிறாள் என்று அவர் எனக்குச் சொன்னார். சம்யு தன் அப்பாவின் போனிலிருந்து அவரைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறாள்.

"அவளுக்கு வரணும்னு இருக்கு. போட்டிக்கெல்லாம் இல்ல, சின்னப் பிள்ளைங்ககூட வந்து செய்யுதேன்ங்குதா." கொஞ்சம் நிறுத்தினார். "அப்பா கூட்டிட்டு வரட்டும்னு சொல்லுதா. நீங்க வந்து பாக்க வேண்டாமாம். இத உங்ககிட்ட சொல்ல அவளுக்குப் பயமா இருக்காம்."

சரி என்றேன். என் குரல் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. "அவகிட்ட நான் ஒன்னும் கேக்க மாட்டேன்னு சொல்லீருங்க மிஸ்" என்றேன்.

ஜனவரி 8, திங்கள்

இன்று முதல் நாள். சாயங்காலம் இவர் அழைத்துக்கொண்டு போனார். நான் ஷிப்ட் மாற்றிக் கேட்டிருந்தேன், வீட்டில் இருந்தால் கடிகாரத்தையே பார்ப்பேன் என்று. ஆனால் என் இடத்துக்கு ஆள் வந்துவிட்டதால் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து புடலங்காய் நறுக்கினேன். அவள் எந்தக் கருவியில் ஏறியிருப்பாள், முதலில் எதைச் செய்யச் சொல்லியிருப்பார்கள், எதுவும் எனக்குத் தெரியாது.

ஏழரைக்கு வந்தார்கள். முகமெல்லாம் சிவந்து, கால் முழுக்கச் சுண்ணப்பொடி. கை கழுவிக்கொண்டே, "இன்னைக்குக் கொஞ்சம் வலிச்சுது" என்றாள், தண்ணீர் குழாயைப் பார்த்துச் சொல்வதுபோல.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு, எங்கே என்று கேட்டேன்.

"மிஸ்கிட்ட சொல்லிட்டேம்மா. உக்கார வெச்சுட்டாங்க."

தட்டில் சோறு போட்டுக்கொண்டு, அப்பாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.